உடையாத மகரக்கட்டு

இருபத்திரண்டு வயதிலும் எனக்கு மகரக்கட்டு உடைந்து ஆண்குரல் வரவில்லை. தாம்பரத்தில் எங்கள் சர்ச் பாடகர் குழுவில், பெண்களோடு நின்று சோப்ரானோ என்ற உச்சக்குரலில் பாடிய ஒரே ஆண்பிள்ளை நான்தான். "உன் குரல் இப்படியே இருக்கணும்னு ஜெபம் பண்றேன்பா" என்பார் குழுத் தலைவர். அவருடைய ஜெபம் மட்டும் உடனே பலித்துவிட்டது.

பிறவியிலேயே எனக்கு ரத்தத்தில் கோளாறு. அடிக்கடி ரத்தம் ஏற்றித்தான் நடமாடினேன். அதிலிருந்த இரும்பு உடம்பில் தங்கிச் சுரப்பிகளைக் கெடுத்துவிட்டது, மீசையும் வராது, பிள்ளையும் பிறக்காது என்றார் டாக்டர். மீசை இல்லாவிட்டால் பிளேடு மிச்சம் என்றேன். பிள்ளை விஷயத்துக்கு எனக்கு ஜோக் எதுவும் வரவில்லை.

டாக்டர் இதைச் சொன்ன அதே வாரம், ஒத்திகை முடிந்ததும், என் பக்கத்தில் நின்று பாடும் டீச்சர் மெல்லக் கேட்டாள்: "எங்கப்பா உங்க வீட்டுக்கு வந்து பேசட்டுமாங்கறார். என்ன சொல்ல?"

இரண்டு வருஷமாக நான் ஏங்கிய கேள்வி. டாக்டர் சொன்னது தொண்டைவரை வந்தது.

"ஒரே வீட்ல ரெண்டு சோப்ரானோவா? அக்கம்பக்கத்துக்காரங்க பாவம்ங்க" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. "இதுலயும் விளையாட்டுதானா உங்களுக்கு?" என்று கேட்டுவிட்டு, குரோம்பேட்டை ரயிலுக்கு நடந்தாள்.

ஓடிப்போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம், அவள் ஸ்டேஷன் போய்ச்சேர நேரமிருந்தது. நான் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன்.