முழங்கை வைத்தியம்

என் கணவர் வான் ஓட்டுகிறார். வெளிநாட்டிலிருந்து வருகிற ஆட்களைக் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் ஏற்றி, அச்சுவேலிக்கும் சுற்றியுள்ள ஊர்களுக்கும் கொண்டுவந்து இறக்குவதுதான் தொழில். இருபது வருடமாக வானில் ஒரு கீறல் விழாமல் ஓட்டிய மனுசன், போன வருடம் ஒரு பகலில், வழியில் முறிகண்டிக் கோயிலடியில் வானை நிறுத்தி, பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் கடலையும் வாங்கிக்கொண்டு ஏறி, ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே நித்திரையாகிவிட்டார். பின் சீற்றில் லண்டனிலிருந்து வந்த குடும்பம். தட்டி எழுப்பியபோது வாயில் அரைபட்ட கச்சான் அப்படியே இருந்ததாம். ஓடிக்கொண்டிருக்கும்போது இது நடந்திருந்தால் என்று அந்த வீட்டுப் பெண் எனக்குத் தொலைபேசியில் சொல்லத் தொடங்கினாள். முடிக்கவில்லை.

எனக்கு அது புதினமில்லை. இவருடைய குறட்டை பக்கத்து வளவுக்கும் கேட்கும். குறட்டை கேட்கும்வரை எனக்கு நிம்மதி. அது திடீரென்று அறுந்துபோகும். நெஞ்சு மட்டும் ஏறி இறங்கும், மூச்சு வராது. அப்போது என் முழங்கையால் விலாவில் ஒரு இடி இடிப்பேன். மனுசன் விக்கித் திணறி, என்னையும் ஏசிவிட்டு, பழையபடி தொடங்குவார். இப்படிப் பதினொரு வருடம். ஒரு இரவு நான் அசந்துவிட்டால் இவர் போய்விடுவார் என்றே நம்பியிருந்தேன். அதை ஒருவருக்கும் சொன்னதில்லை, சொன்னால் பலித்துவிடுமோ என்ற பயம்.

முறிகண்டிக் கதைக்குப் பிறகு நான் விடவில்லை. "குறட்டைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறதோ? சனம் சிரிக்கும்" என்றார். "சிரிக்கட்டும். செத்தவீட்டுக்கு வந்து அழுறதைவிடச் சிரிக்கிறது நல்லம்" என்றேன். சேர்ட்டை மாட்டிக்கொண்டு வந்தார்.

யாழ்ப்பாணத்தில் மூச்சுக் கோளாறுகளைப் பார்க்கிற கிளினிக் அது. டொக்டர் இளம் பெண். கழுத்தை அளந்தாள், தொண்டையைப் பார்த்தாள், கேள்வி கேட்டாள். நித்திரையில் தொண்டை ஒட்டிக்கொண்டு காற்றுப் போகாமல் நிற்கிறது என்றும், அதனால்தான் பகலில் கண் சொருகுகிறது என்றும் விளங்கப்படுத்தினாள். சரிவரும்வரை வானைத் தொடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னாள். பிறகு ஒரு சின்னப் பெட்டி தந்தாள். நெஞ்சில் ஒரு பட்டி, மூக்கில் ஒரு குழாய், விரலில் ஒரு கிளிப். வீட்டிலே வழமைபோல் படுத்து, விடிய அதைக் கொண்டுவந்து கொடுத்தால் போதும்.

வழமைபோல் என்றாளே! நானும் வழமைபோலவே செய்தேன். மூச்சு நின்ற நேரமெல்லாம் இடித்தேன். இயந்திரம் பூட்டியிருக்கிற நாளில் மனுசனுக்கு ஏதும் நடந்தால் என் மரியாதை என்னாவது என்று, அன்றைக்கு இரட்டிப்பாக இடித்தேன்.

மறுகிழமை டொக்டர் அந்தப் பெட்டியின் பதிவுத் தாளைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினாள். "மூச்சு நிக்கத் தொடங்குது, உடனை உடம்பு தூக்கிப் போடுது. ராத்திரி முழுக்க உப்பிடித்தான். ஆராவது எழுப்பினவையோ?"

"ஓம், நான்தான்" என்றேன், பெருமையாக. "ஒண்டுகூடத் தவறவிடேல்லை."

அவள் பேனையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். என் கணவர் விலாவைத் தடவிக்கொண்டு, "டொக்டர், எனக்கு முதல் இதுக்கு மருந்து தாங்கோ" என்றார். எனக்கோ ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. "சிரிக்காதேங்கோ. நான் எழுப்பாட்டி இவர் எப்பவோ செத்திருப்பார்!"

வாய்தவறி வந்துவிட்டது. பதினொரு வருடமாக அடக்கிவைத்த சொல்லை இவர் காதுபடச் சொல்லிவிட்டேன்.

டொக்டர் கதிரையை எனக்குக் கிட்ட இழுத்தாள். "அம்மா, இவர் கொழும்பிலை தங்கிற நாளிலை ஆர் எழுப்புறது?"

மாதத்தில் நாலைந்து இரவு இவர் அங்கே லொட்ஜில் தனியே படுப்பார். அதை நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

"மூச்சு நிண்டா மூளையே எழுப்பும். அதாலைதான் அவருக்குச் சரியான நித்திரை இல்லை. நீங்கள் அவரைக் கவனமாத்தான் பாத்திருக்கிறியள், ஆனால் எங்களுக்கு உண்மையான கணக்குத் தெரியவேணும். இன்னொருக்கா பூட்டுவம். இந்த முறை தொடக்கூடாது."

அந்த இரவை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். பக்கத்தில் கதிரை போட்டு, இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து அதன்மேல் இருந்தேன். குறட்டை நின்றது. எண்ணினேன். பத்து, பதினைந்து, இருபது. பாவி மனுசா, மூச்சை விடு, விடு என்று பல்லைக் கடித்தேன். கை தானாக வெளியே வந்தது, திரும்ப அடக்கினேன். இருபத்தெட்டு என்று எண்ணும்போது அவர் தானே திணறி, இழுத்து, மூச்செடுத்தார். நான் தொடவில்லை. தானே எடுத்தார். ஐயோ கடவுளே என்று முகத்தைப் பொத்திக்கொண்டு இருந்தேன். பிறகும் நின்றது, பிறகும் எடுத்தார். விடியும்வரை இப்படித்தான்.

இம்முறை தாள் சரியாக வந்தது. நோய் கடுமைதான், ஆனால் வழி இருக்கிறது என்றாள். காற்றைத் தள்ளித் தொண்டையைத் திறந்து வைத்திருக்கிற இயந்திரம் ஒன்றைப் பழகிப் பார்க்கத் தந்தாள். மூக்கில் மாட்டுகிற மூடியும் அதிலிருந்து நீளக் குழாயும். கண்ணாடியில் பார்த்துவிட்டு இவர் முகம் சுழித்தார். "இதென்ன கோலம்?"

"பிள்ளையார் கோலம். முறிகண்டியிலை அவரின்ரை வாசலிலை நித்திரை கொண்டதுக்குத் தும்பிக்கை தந்திருக்கிறார், பேசாமல் போடுங்கோ."

முதல் மூன்று இரவும் நித்திரையிலேயே கழற்றி எறிந்தார். கிளினிக்கில் வேறு அளவு மூடி தந்தார்கள், காற்றின் வேகத்தையும் சரிசெய்தார்கள். அதன்பிறகு பழகிவிட்டது. பகலில் கண் சொருகுவது குறைந்தது. வீட்டில் சத்தமே இல்லை. அந்த அமைதியில் எனக்குத்தான் நித்திரை வரவில்லை. பக்கத்தில் இருந்து நெஞ்சைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இதை மோப்பம் பிடித்த டொக்டர், "இயந்திரம் அவருக்கு. நித்திரை உங்களுக்கு. ரெண்டும் வைத்தியந்தான்" என்று என்னையும் ஏசி அனுப்பினாள்.

பிறகும் ஒரு மாதம், அரை நித்திரையில் அவர் நெஞ்சைப் பார்த்தபடியே போயிருக்கும். கிட்டத்து ஓட்டங்களுக்கு வான் எடுக்கலாம் என்று டொக்டர் சொல்லி இரண்டு நாள். கண் விழித்தபோது யன்னலால் வெயில் என் முகத்தில் அடித்தது. பக்கத்தில் ஆள் இல்லை. மூடி மட்டும் கட்டிலில் கிடந்தது. அவிழ்ந்த தலையோடு முற்றத்துக்கு ஓடினேன்.

கிணற்றடியில் இவர் வானைக் கழுவிக்கொண்டு நின்றார். மணி எட்டேகால்.

"என்னை ஏன் எழுப்பேல்லை?" என்று கத்தினேன்.

"நல்ல நித்திரை கொண்டீர். எழுப்ப மனம் வரேல்லை" என்றார், துணியைப் பிழிந்தபடி.

நான் அந்த இடத்திலேயே குந்தியிருந்து ஓவென்று அழுதேன். பதறிப்போய், ஈரக்கையோடு ஓடிவந்தார். "என்னப்பா, என்ன நடந்தது?" என்று கேட்டபடி நின்றார். நான் காவல் இருக்காத ஒரு முழு இரவை, இந்த மனுசன் மூச்சுவிட்டுக் கடந்து வந்திருக்கிறார். அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல், இன்னும் கொஞ்ச நேரம் அழுதேன்.