ஹஃப்ஸா பிடித்த இருநூற்று ஐம்பத்தேழாவது வாசிப்பு

நீடாமங்கலத்தில் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்து மாடியில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் ஹஃப்ஸாவுக்கு ஹார்ட் டிஸ்க் என்றால் தனிப் பிரியம். பாலிடெக்னிக் படித்துவிட்டுப் பதினெட்டு வருஷமாக அதே வேலை. மற்ற கடைக்காரர்கள் கைவிரித்த டிஸ்க்குகளை ஆசையாகக் கேட்டு வாங்கிக்கொள்வார்.

சென்ற தை மாதம் நன்னிலம் பக்கம் அரிசி ஆலை வைத்திருக்கும் இராஜாங்கம் கூப்பிட்டார். அவருடைய கலர் சார்ட்டர், கேமராவால் பார்த்துக் கறுப்பு அரிசியைக் காற்றால் ஊதித் தள்ளும் மெஷின். அதற்குள் இருந்த பழைய டிஸ்க் கரகரக்க ஆரம்பித்திருந்தது. ஹஃப்ஸா அதிலிருந்ததை அப்படியே ஒரு புது டிஸ்க்கில் நகலெடுத்து மாட்டினார். திரையில் மெனு அழகாக வந்தது. அரிசியை விட்டுப் பார்த்தால் நல்ல அரிசியெல்லாம் கழிவுக்குப் போனது. கறுப்பு மூட்டைக்கு வந்தது.

"என்னம்மா இது? ஓடிக்கிட்டிருந்த மெஷினக் கெடுத்துட்டீங்களே. சம்பா அறுப்பு நேரம்" என்றார் இராஜாங்கம்.

"நகல் சரியாத்தாங்க இருக்கு. ரெண்டு நாள் குடுங்க."

பழைய டிஸ்க்கை மாட்டினால் மெஷின் ஒழுங்காக ஓடியது. இரண்டு டிஸ்க்கையும் தன் மேசையில் வைத்து ஒப்பிட்டார். ஓர் எழுத்துகூட வித்தியாசமில்லை. அப்படியானால் தப்பு, மெஷினும் டிஸ்க்கும் பேசிக்கொள்ளும் இடத்தில்தான். அந்த நினைப்பு வந்ததும் அவருக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் விடிந்ததும் பஸ் ஏறி ஆலைக்குப் போய், டிஸ்க் கேபிளில் மெல்லிய ஒயர்களைக் கவ்வவிட்டு, உள்ளே போகிற ஒவ்வொரு துடிப்பையும் லேப்டாப்பில் பதிவு செய்தார். மதியம் வரை எண்ணினார். திடீரென்று மேசையைத் தட்டினார்.

"அன்சார் பாய், இங்க வாங்க. மாட்டிக்கிச்சு."

மெஷின் ஓட்டுகிற அன்சார் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "என்னக்கா மாட்டிச்சு?"

"டிஸ்க் தகவலக் கட்டுக் கட்டாக் குடுக்கும், ஒரு கட்டுக்கு இருநூத்தம்பத்தாறு துண்டு. குடுக்கறப்ப 'எடுத்துக்க'ன்னு ஒரு சைகை காட்டும். முடிஞ்சா சைகைய இறக்கிடும். அப்புறம் வாங்கறவங்க கை நீட்டக் கூடாது. இந்த மெஷின் எண்ணத் தெரியாம இருநூத்தம்பத்தேழாவது தடவையும் நீட்டுது."

"பழைய டிஸ்க்குல ஒண்ணும் ஆவலையே?"

"அது மெதுவானது. அடுத்த கட்டை எடுத்து வைக்கவே நேரமாவும். நடுவுல கை நீட்டினா ஏதோ குப்பையக் குடுத்துட்டுப் பேசாம இருந்துடும். மெஷினும் அதைத் தூக்கிப் போட்டுடும். புதுசு வேகம். அதுக்குள்ள அடுத்த சைகையே வந்துடுது. அடுத்த கட்டோட மொதத் துண்டு குப்பைன்னு போயிடுது. பின்னாடி வர்றதெல்லாம் ஒரு எடம் தள்ளி உக்காருது."

முதல் கட்டு தப்பிப் பிழைத்ததால் மெனு மட்டும் சரியாக வந்திருக்கிறது. கேமராவின் அளவுகள் இருந்ததோ இரண்டாவது கட்டில்.

ஹஃப்ஸா மெஷினின் கட்டளைகள் இருந்த சிப்பைக் கழற்றி, எத்தனை தடவை கை நீட்டுவது என்ற ஒற்றை எண்ணை மாற்றி எழுதி மறுபடி பொருத்தினார். மெஷின் எழவே இல்லை. இராஜாங்கம் தலையில் கை வைத்துக்கொண்டார். சிப்பின் கடைசியில், உள்ளே எதை மாற்றினாலும் கூடவே மாற்ற வேண்டிய ஒரு சரிபார்ப்பு எண் இருப்பதை அவசரத்தில் மறந்துவிட்டோம் என்று ஹஃப்ஸாவுக்குப் புரிய அரை மணி நேரம் ஆனது. அதையும் திருத்தினார்.

அன்சார் சுவிட்சைப் போட்டார். காற்று படபடவென்று ஊதியது. அரிசி வெள்ளை வெளேரென்று கொட்டியது. கறுப்பு பொறுக்கியெடுத்ததுபோல ஒதுங்கியது. இராஜாங்கம் இரண்டு கையாலும் அள்ளிப் பார்த்தார், மறுபடி அள்ளினார். "கம்பெனிக்காரன் புது மெஷின் வாங்கச் சொன்னாம்மா" என்றார்.

பஸ் ஸ்டாண்டில் நின்றபடியே ஹஃப்ஸா ஷார்ஜாவில் இருக்கும் கணவர் முபாரக்குக்குப் போன் போட்டு, மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னார். முபாரக்குக்குப் பாதிதான் புரிந்தது.

"அந்தக் கடைசித் துண்டு எப்படிப் போச்சு? மறுபடி சொல்லு" என்றார்.

ஹஃப்ஸா முதலிலிருந்து ஆரம்பித்தார். நீடாமங்கலம் பஸ் அவரை விட்டுவிட்டுப் போய்விட்டது.