சுவர் தாண்டிய தேன் வாசம்

முதலில் ஒரு மன்னிப்பு. சாதாரண தரப் பரீட்சையோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். வாரா வாரம் இந்த இடத்தில் உங்களுக்குக் கதை சொல்ல எனக்கென்ன தகுதி என்று எப்போதும் கூச்சமாகத்தான் இருக்கும். இந்த வாரம் கூச்சம் இல்லை... வெட்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை வீட்டில் மெழுகுதிரி செய்தேன். கடையில் விற்கிற வெள்ளைத் திரி அல்ல — அசல் தேன்மெழுகுத் திரி. எங்கள் மடுல்சீமைத் தோட்டப் பக்கம் காற்று கொஞ்சம் பலமாக அடித்தாலே கரண்ட் போய்விடும். வெலிமடையில் தேனீப் பெட்டி வைத்திருக்கும் தம்பி, தேன் எடுத்த பழைய தேனடைகளை ஒரு பை நிறையக் கொடுத்திருந்தான். யூடியூப்பில் ஒரு பெண் எவ்வளவு சுலபமாகச் செய்கிறாள்! தண்ணீரில் போட்டுக் கொதிக்க வை, துணியில் வடி, ஆறினால் மெழுகு மேலே மிதக்கும். காற்றோட்டமான இடத்தில் செய்யச் சொன்னாள்.

செய்தேன். வரிசையாக வீடுகள் ஒட்டியிருக்கும் எங்கள் லயத்துக்குப் பின்னால், நல்ல வெயிலில், கல் கூட்டி அடுப்பு மூட்டினேன்.

அந்தப் பெண்ணுக்குப் பக்கத்து வீடு இல்லை போலும்.

அடையில் ஒட்டியிருந்த தேன் சூடானதும் வாசம் கிளம்பியது. ஒரு தேனீ வந்தது. அப்புறம் நாலைந்து... அப்புறம் ஒரு கூட்டமே. சட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடிக் கதவைச் சாத்தினேன்.

பக்கத்து வீட்டுப் பாக்கியம் அப்போது துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கொழுந்து பறிக்கும்போது குளவி கொட்டி, பதுளை ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தவள். அதன் பிறகு தேயிலை மலைக்குப் போகவே பயந்து மாதக்கணக்கில் வீட்டோடு இருந்தாள். ஒருவழியாகத் தைரியம் வந்து, திங்கட்கிழமை காலை, வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டில் நின்று மறுபடி வேலை தொடங்குவதாக இருந்தாள். ரீங்காரம் கேட்டதும் துணியைப் போட்டுவிட்டு உள்ளே ஓடியவள், கம்பளியைப் போர்த்திக்கொண்டு வெளியே வரவேயில்லை.

தேனீக்கள் யாரையும் கொட்டவில்லை. ஆனால் லயமே கூடிவிட்டது. தோட்டத் தலைவர் வந்து சுற்றிப் பார்த்தார்.

"பூவே இல்லாத லயத்துல தேனீக்கு என்ன சோலி?" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பின்னால் நிற்கும் சவுக்கு மரத்தில் கூடு இருக்கும் என்று கையைக் காட்டியது யார் தெரியுமா? நான்தான்.

அப்புறம் உள்ளே போய், சட்டியில் இருந்ததை வடித்து ஆறவிட்டு, மிதந்த மெழுகை உருக்கி, நூல் நிறுத்திய யோகட் கப்பில் ஊற்றினேன்.

பொழுது சாயும்போது கரண்ட் போனது. என் திரியைப் பெருமையாக ஏற்றினேன். மஞ்சளாக, புகையில்லாமல் அழகாக எரிந்தது. எங்கள் லயத்தில் நடுச்சுவர் கூரையைத் தொடாது. இங்கே கருவாடு பொரித்தாலும், புருஷன் பொண்டாட்டி முறைத்துக்கொண்டாலும் அந்தப் பக்கம் போய்விடும். பொய்யை மட்டும் எங்கே ஒளிப்பது?

"அக்கா..." சுவருக்கு அந்தப் பக்கம் பாக்கியம். "அத அணைச்சிடுங்களேன். மத்தியானம் அடிச்ச அதே வாசம். ஒடம்பெல்லாம் நடுங்குது."

அணைத்தேன். இருட்டில்தான் எனக்கு வாய் வந்தது.

"பாக்கியம், அந்தத் தேனீயெல்லாம் என்னாலதான் வந்துச்சு."

"தெரியும். சட்டியத் தூக்கிட்டு ஓடினீங்க, பாத்தேன். தலைவர்கிட்ட மரத்தச் சொன்னதும் கேட்டுச்சு."

"அப்ப ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

அந்தப் பக்கம் கம்பளியை இழுத்துப் போர்த்தும் சத்தம் கேட்டது.

"நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

மறுநாள் காலை பாக்கியம் பெரட்டுக்குப் போகவில்லை.