எமல்டா மிஸ்ஸியின் சேலை வியாபாரம்

கட்டுகஸ்தோட்டையில் ஒரு வதந்தி: தாதி எமல்டா மிஸ்ஸி, கிளினிக் வேலை போதாதென்று வீடு வீடாகச் சேலை விற்கிறாராம். ஊர் வம்பைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க எனக்குத் தெரியாது. நேரே போய்க் கேட்டேன்.

"வீடு வீடா இல்லீங்க, ஒரே ஒரு வீட்டுக்குத்தான்" என்று சிரித்தார் மிஸ்ஸி.

எச்.ஐ.வி. உள்ள தாய்மாரையும் அவர்களின் குழந்தைகளையும் கவனிப்பவர் அவர். ஒரு தாய் கர்ப்பத்திலேயே ஒழுங்காக மாத்திரை எடுத்தாள். பிறந்த மகனுக்கும் மருந்து கொடுத்தாள். மகனுக்குத் தொற்று இல்லையென்று உறுதி செய்ய ஒன்றரை வயதில் கடைசி இரத்தப் பரிசோதனை. அதற்கு மட்டும் வரவில்லை. கிளினிக் வாசலில் அடுத்த வீட்டுத் திலகவதி அம்மாவைக் கண்டு, பயந்து திரும்பிவிட்டாளாம். பிறகு தொலைபேசியையும் எடுக்கவில்லை.

மிஸ்ஸி என்ன வேலை பார்க்கிறார் என்பது ஊருக்கே தெரியும். அவள் வீட்டுக்கு வெறுங்கையோடு போனால் அக்கம்பக்கத்துக்குச் சந்தேகம் வரும். ஆகவே தன் அலுமாரியிலிருந்த சேலைகளையே மூட்டை கட்டிக்கொண்டு போனார்.

"இவ்வளவு தூரம் வந்துட்டு, கடைசிப் படியில உக்காரலாமா தங்கச்சி?" என்று அந்தத் தாயிடம் கேட்டார்.

மறுநாள் அவள் "வாங்கின சேலைய மாத்தப் போறேன்" என்று அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டு, மகனுடன் கண்டியிலுள்ள கிளினிக்குக்கு வந்தாள். பையனுக்குத் தொற்று இல்லை! ஊசி குத்திய கோபத்தில் மிஸ்ஸியின் மூக்குக் கண்ணாடியைத்தான் பிடுங்கி எறிந்தான்.

தாயின் பெயரை நான் கேட்கவே இல்லை. மற்றப் பெயர்களை மாற்றிவிட்டேன். தேடிப் பயனில்லை.

ஒரு சிக்கல்தான் மிச்சம். அன்று மூட்டையைக் கண்ட திலகவதி அம்மா, மதிலுக்கு மேலால் எட்டிக் கேட்டாராம்:

"பிள்ளை, எனக்கும் நீலத்தில ஒண்டு கொண்டு வாங்கோ!"

மிஸ்ஸியும் தலையாட்டிவிட்டார். அந்த நீலச் சேலை இன்னும் போய்ச் சேரவில்லை.