தோற்கும்வரை தோய்க்கக் கூடாத கோட்

என்ரை மகள் யூனிவர்சிட்டி பாண்ட் குழுவிலை ட்ரம்பெட் ஊதுறவள். உதைபந்தாட்ட மட்ச் நாளிலை எல்லாரும் சிவப்புக் கோட் போட்டுக்கொண்டு, ஸ்டேஷனிலையிருந்து மைதானம் மட்டும் ஊதிக்கொண்டு நடப்பினம்.

அவையிட்டை ஒரு சம்பிரதாயம் இருக்கு. தாங்கள் ஊதுற அணி தோற்கும்வரைக்கும் கோட்டைத் தோய்க்கக் கூடாது.

அணி ஏழு கிழமையாத் தோற்கேல்லை.

நாங்கள் இருக்கிற புருசெத் எண்ட இடத்திலை எங்கடை வீட்டுக்கு வாற ஆக்கள் சப்பாத்துக் கழட்ட முதலே மூக்கைப் பொத்துகினம்.

நேற்று எங்கடை மாடிக்கட்டிடத்தின்ரை பொதுச் சலவை அறை எங்களுக்குக் கிடைச்ச நாள். வேலையாலை வந்த அலுப்பு. கண்ணிலை பட்டதெல்லாத்தையும் மெஷினுக்கை போட்டன். கோட்டையும்தான். காயவைச்சு, ஒண்டும் நடக்காத மாதிரிக் கொழுவியும் விட்டன்.

இண்டைக்கு மட்ச். மூண்டு கோல் வாங்கித் தோற்றுப்போச்சினம்.

மகள் வந்து வாசலிலையே நிண்டாள்.

"அப்பா, கோட்டிலை சவர்க்கார மணம் வருது. தோய்ச்சனீங்களோ?"

"ஓம். கோட்டைத் தோய்ச்சா கோல் விழுமோ? கம்பஸ் படிக்கிற பிள்ளை கதைக்கிற கதையே இது?"

"வெள்ளிக்கிழமை நகம் வெட்டினா லட்சுமி போயிடுவா எண்டு சொல்லுறீங்கள். நான் எப்பவாவது திருப்பிக் கேட்டனானோ?"

நான் கோட்டை வாங்கிக் கொழுவினன்.

"குழுவிலை எல்லாரும் ஆர் கோட்டைத் தோய்ச்சது எண்டு கேக்கினம், அப்பா."

"என்ரை பேரைச் சொல்லு" எண்டன்.

இண்டைக்கு வெள்ளிக்கிழமை. இதை வாசிச்சுச் சிரிக்கிற ஆக்கள், முதலிலை நகத்தை வெட்டிப்போட்டு வந்து சிரியுங்கோ.