நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்

நான் ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவன். நாலு பேர் முன்னால் பேசக் கூசுவேன். ஆனாலும் செஞ்சியில் மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலைக் கிடங்கில் மூட்டை தைத்தபடி, தலை நிமிராமல், மல்லாட்டை உடைக்கும் பெண்களுக்கு நானே கட்டிய கதையைத் தினமும் கொஞ்சம் சொல்வேன். பத்திரிகைத் தொடர்கதைகளில் நான் கற்ற வித்தை ஒன்றுதான்: கேட்பவர்கள் தவிக்கும் இடத்தில் நிறுத்திவிட வேண்டும்.

அந்த வருடம் எல்லையில் சண்டை. என் கதையிலும் ஒரு சிப்பாய் வந்தான். ஒரு சாயங்காலம், அவன் குண்டடிபட்டு விழுந்ததோடு நிறுத்தினேன்.

முனியம்மா அக்காவின் கை நின்றுவிட்டது. அவள் மகன் பட்டாளத்தில் இருந்தான். இரண்டு மாதமாகக் கடிதம் இல்லை.

"பொழைச்சானா இல்லியா? அத மட்டும் சொல்லிடு தம்பி."

"நாளைக்குச் சொல்றேன்க்கா."

"இன்னா கொக்கி போடுறாரு பாரு!" என்று பக்கத்தில் இருந்தவள் சிரித்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் காலையில் அக்கா வீட்டுக்குத் தந்தி வந்தது. அழுகைச் சத்தம் கேட்டு ஓடினேன். என்னைப் பார்த்ததும், "இனிமே சொல்ல வேணாம் தம்பி" என்றாள்.

என் சிப்பாய் பிழைத்துவிடுவான் என்றுதான் முடிவு செய்து வைத்திருந்தேன். அதை அன்றே சொல்லியிருந்தால், அந்த ஓர் இரவாவது அவள் தூங்கியிருப்பாள்.