இருபது பேருக்கு மேல் போன கடிதம்

எதிரே யாராவது வந்தால் சுவாமிநாதன் கண்ணாடியைக் கழற்றிவிடுவான். சட்டை நுனியில் முதலில் இடது வில்லை, பிறகு வலது, வாயால் ஒரு ஊதல், மறுபடி இடது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து அவன் மாட்டிக்கொள்வதற்குள் வந்தவர் கடந்து போயிருப்பார். வணக்கம் சொல்கிற கஷ்டம் தீர்ந்தது.

குரும்பகரத்துக்காரன். காரைக்காலில் ஒரு தனியார் கல்லூரியின் ஈமெயில் சர்வரைப் பார்த்துக்கொள்வது வேலை. 2005இல் அங்கே மாத்திரை விளம்பரமும் லாட்டரிப் பரிசும் மழையாகக் கொட்டின. அவன் ஒரு வடிகட்டி போட்டான். அது கடிதத்தைப் படிக்காது. வாசகத்தைப் பிழிந்து செக்சம் என்ற ஓர் எண்ணாக்கும். ஊர் உலகத்து சர்வர்களெல்லாம் சேர்ந்து வைத்திருக்கும் பொதுக் கணக்கில், இதே எண் எத்தனை பேருக்குப் போயிருக்கிறது என்று விசாரிக்கும். இருபதைத் தாண்டினால் பெறுபவரின் குப்பைப் பெட்டிக்குத் தள்ளிவிடும். தொல்லை ஒரே வாரத்தில் நின்றது. முதல்வரே அறைக்கு வந்து கைகுலுக்கினார்.

அந்த மாதமே அவனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மேசை மேசையாகப் போய்ப் பத்திரிகை நீட்டுவதை நினைத்தாலே வியர்த்தது. நாலு வரி எழுதி, கல்லூரி முழுமைக்கும் ஒரே கடிதமாக அனுப்பிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்தான்.

ஒருவரும் வாய் திறக்கவில்லை. வாழ்த்து இல்லை, கேலிகூட இல்லை. தன் கல்யாணத்துக்கு வர யாருக்கும் மனமில்லை என்றே முடிவு கட்டினான். அப்புறம்தான் சந்தேகம் வந்து சர்வரைத் திறந்தான். கடிதம் அத்தனை பேருடைய குப்பைப் பெட்டியிலும் கிடந்தது. கல்லூரிக்குள் புழங்கும் கடிதங்களுக்கு விலக்குக் கொடுக்க மறந்திருக்கிறான்.

சிரிப்பு வந்துவிட்டது. விலக்கைச் சேர்த்துவிட்டு, திரும்ப அனுப்பலாமா என்று ஆபீஸ் சூப்பிரண்டு அஞ்சுகத்திடம் கேட்டான்.

"அனுப்பேன். நாங்களும் மெயில்லயே வந்து சாப்புட்டுட்டுப் போறோம்," என்றார் அவர், தலை நிமிராமல்.

"அக்கா, அது வந்து..."

"வீட்ல தாம்பாளம் இருக்குல்ல? வெத்தல பாக்கு வச்சு எடுத்துட்டு வா. பொண்ணு பேரென்ன, அதயாவது வாயத் தொறந்து சொல்லுவியா?"

"தேவிகா."

"பரவால்லயே, தம்பிக்குப் பேச்சு வருது."

மறுநாள் தாம்பாளத்தோடு கிளம்பினான். முதல் மேசையில் தரையைப் பார்த்துக்கொண்டே பத்திரிகையை நீட்டினான். நூலகத்தைத் தாண்டும்போது, கேட்காதவர்களிடமும் பெண்ணின் பேரைச் சொல்லிக்கொண்டிருந்தான்.

கல்யாணத்துக்குக் கல்லூரி பஸ்ஸே வந்து நின்றது. பந்தியில் பாயசம் ஊற்றுகையில் நூலகர் சிவபாலன் வாய் தவறிச் சொல்லிவிட்டார்: அந்தக் கடிதத்தை, அனுப்பிய அன்றே எல்லோரும் குப்பைப் பெட்டியில் பார்த்துவிட்டார்களாம். அவன் நேரில் வந்து கூப்பிடும்வரை ஒருத்தரும் மூச்சுவிடக் கூடாது என்று அஞ்சுகம் உத்தரவு போட்டிருந்தாராம்.